நாலாவது கூ

கனடாவுக்குப் போகிறவர் கையில் ஊரில் எல்லோரும் எதையாவது தந்துவிடுவார்கள். என் பெட்டியிலும் வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, தம்பி மகளுக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு எல்லாம் இருந்தன. அம்மா மட்டும் சாமான் ஒன்றும் தரவில்லை. வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, படலை வரை வந்து, என் கையைப் பிடித்து ஒரு கேள்வியைத் தந்துவிட்டார்.

"அவன் தனியக் கிடந்தவனோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா."

அவன் என்றால் குகன், என் தம்பி. ஒரு வருடத்துக்கு முன், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மலையில் பனிச்சறுக்கப் போன இடத்தில் விழுந்து இறந்துபோனான். மாரடைப்பு என்றார்கள். கூட மூன்று சிநேகிதர்கள் போயிருந்தார்கள். விழுந்தவுடனேயே உயிர் போய்விட்டது என்று அவன் மனைவி சுமதி தொலைபேசியில் சொன்னாள். அப்போது யார் பக்கத்தில் நின்றது என்று அம்மா கேட்டபோது மறுமுனையில் பேச்சில்லை. அன்று தொடங்கியது அம்மாவின் இந்தக் கேள்வி. சோறு போடும்போதும் கேட்பார், விளக்கு ஏற்றும்போதும் கேட்பார். நான் என்ன சொல்வது? செத்த வீட்டுக்கு வர எனக்கு விசா கிடைக்கவில்லை. வருட முடிவில் செய்யும் ஆட்டைத் திவசத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

குகனின் வீடு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக வீடுகள். நான் மூன்றாம் நாளும் பக்கத்து வீட்டுப் படியில் ஏறி நின்று மணி அடித்தேன். கதவைத் திறந்த சீனப் பெண் பழகிப்போன முகத்தோடு கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினாள். யன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருக்கும். வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்று மீன் பொரிக்கிற அடுப்பையும் தாச்சியையும் கராஜுக்குள் வைத்திருக்கிறார்கள். கார் வெளியே பனியில் நனைய, தாச்சி உள்ளே சொகுசாக இருக்கிறது. ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் கோட்டும் டையுமாக ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வீடு விற்க, வாங்க அழையுங்கள் என்று கீழே போட்டிருந்தது.

"உவர்தான் ராசன்," என்றாள் சுமதி. "இவரின்ரை சிநேகிதர். வாய் ஓயாத மனிசன். இப்ப வந்தா ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை."

திவசத்தன்று மூன்று பேரும் வந்தார்கள். யோகன் எங்கள் ஊர்ப் பொடியன், குகனோடு ஒரே வகுப்பில் படித்தவன். எங்கள் வீட்டு மாமரத்தில் பாதியைக் காலி பண்ணியவன். இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். ஜெறோம் மன்னார் ஆள். பெரிய உடம்பு, மெல்லிய குரல், பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. மூன்றாவது ஆள் ராசன். கலண்டரில் இருந்த சிரிப்பை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தார்.

நாலு பேரும் வந்த புதிதில் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் படுத்து எழும்பியவர்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தப் பனிச்சறுக்கு அவர்களைப் பிடித்தது. மகள் ஆரணியின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போன குகன் ஒரு நாள் முழுக்க விழுந்து எழும்பிவிட்டு வந்து மற்ற மூன்று பேரையும் இழுத்திருக்கிறான். பிறகு அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கடும் பனி கொட்டினால் பள்ளிக்கூட பஸ்கள் ஓடாது. பஸ் இல்லையென்று விடிய வானொலியில் சொன்னதும் யோகன் மற்றவர்களுக்குப் போன் அடிப்பான். ஊரே வீட்டுக்குள் முடங்குகிற நாளில் இவர்கள் வடக்கே போவார்கள். புதுப்பனி இடுப்பளவு நிற்கும் நாளுக்காகத் தவம் கிடப்பார்கள்.

குகன் போனபின் ஒரு வருடமாக யாரும் மலைப்பக்கம் போகவில்லை. சாவுத் துடக்குக் காப்பது சொந்தக்காரர் வேலை. சிநேகிதருக்கு அப்படி ஒரு முறை கிடையாது. அதைப் பரிமாறும்போது சுமதியின் தாயார் சொல்லியும்விட்டார்.

"எங்களுக்கும் இருந்ததெண்டு வையுங்கோவன் அன்ரி," என்றான் யோகன்.

கோபத்தோடு வந்திருந்த எனக்கு அந்தச் சொல் மனதைத் தொட்டது. ஆனாலும் வந்த வேலையை விடமுடியாது. பாயசம் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பிமார், அவன் விழேக்கை ஆர் பக்கத்திலை நிண்டது?"

யோகன் ராசனைப் பார்த்தான். ராசன் கிண்ணத்தைக் கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போனார்.

"எல்லாரும் கிட்டத்தான் அக்கா," என்றார் ஜெறோம்.

நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். மேசைக்கு முன்னால் நின்று இப்படிப் பட்டும் படாமலும் பதில் சொல்கிற முகங்களை நிறையக் கண்டிருக்கிறேன். கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட? நான் விடவில்லை. கடைசியில் யோகன் சொன்னான்.

"அக்கா, ஆட்டையும் முடிஞ்சுது. நல்ல ஸ்நோ ஒண்டு விழட்டும். உங்களைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தையே காட்டுறம்."

இரண்டு நாளில் பனி வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் முற்றத்தில் நின்ற கார் வெறும் மேடாகத் தெரிந்தது. வானொலியில் பஸ் இல்லையென்று சொல்லி முடிக்கவில்லை, யோகனின் அழைப்பு வந்துவிட்டது. ஆரணி என்னை உருப்படி உருப்படியாக உடுத்திவிட்டாள். ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கடைசியில் கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் நின்றன.

"மாமி, you look like a pillow," என்று சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு கையை எடுக்கவில்லை. தகப்பன் போன இடத்துக்குத்தான் மாமி போகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

சுமதி வரவில்லை. "எனக்கு அந்த இடத்தைப் பாக்க ஏலாது மச்சாள்," என்றாள். ஆனால் விடியமுன்னமே கராஜுக்குள் அடுப்பு மூட்டி மீன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். ஒரு வருடம் மீன், மச்சம் ஏறாத வீடு. பனி நாளில் அவன் கொண்டுபோகிற சாப்பாடு அதுதானாம். சுடச்சுடப் பொதி கட்டி என் கையில் தந்தாள்.

யோகன் ஓட்ட, பக்கத்தில் ஜெறோம். இரவு வேலை முடித்து மா மணக்கிற சட்டையோடு வந்தவர் வாகனம் தெருவைத் தாண்டமுன் குறட்டை விட்டார். பின் சீற்றில் நானும் ராசனும். கூரையில் கட்டிய பெட்டிக்குள் சறுக்குப் பலகைகள். ராசனும் தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் ஏறும்போதே, முழங்கால் நோகிறது, தான் இன்று இறங்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது, சில இடத்தில் அதுவும் தெரியவில்லை. பாதி வழியில் கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்துவிட, முன் கண்ணாடி உப்புச் சேறு பிடித்து மூடிக்கொண்டது. யோகன் தலையை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்தான். எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சந்நிதி முருகனுக்கு இந்த றோட்டு விளங்குமோ தெரியாது.

ஒருவாறு பெற்றோல் நிலையமொன்றில் போய் நின்றோம். கோப்பி வரிசையில் ஒரு பஞ்சாபி லொறிக்காரர் காசாளரிடம், இன்றைக்கு வடக்கே போகிறவர்களில் இரண்டு சாதிதான், ஒன்று கூலிக்குப் போகிறவன், மற்றது மூளை கழன்ற விசரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எந்தச் சாதி என்று அவர் கேட்கவில்லை.

திரும்பவும் ஓடத் தொடங்கியதும், நான் யோகனிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவன் றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"முதல் உங்களுக்கு எங்கடை முறையைச் சொல்லவேணும் அக்கா. புது ஸ்நோ நல்லா விழுந்தா நாங்கள் மரங்களுக்குள்ளாலை இறங்குவம். உள்ளுக்கை ஆளை ஆள் தெரியாது. விழுந்தா மா மூட்டைக்குள்ளை விழுந்த மாதிரி, கத்தினாலும் கேக்காது. அதாலை இடைக்கிடை நிண்டு கூக்காட்டுவம். நான் முதல். பிறகு ஜெறோம், பிறகு ராசன், கடைசி குகன். நாலு கூவும் வந்தாத்தான் மேற்கொண்டு இறங்குறது. ஒண்டு வரேல்லையெண்டா எல்லாரும் நிக்கவேணும். கிட்ட நிக்கிறவன் போய்த் தேடவேணும்."

"அண்டைக்கு?"

"அண்டைக்கும் நாலும் கேட்டது. கடைசி வரைக்கும் கேட்டது. கீழை வந்து பாத்தா மூண்டு பேர்தான் நிக்கிறம். ஒரு வரியமா யோசிக்கிறன் அக்கா, எனக்கு இன்னும் விளங்கேல்லை."

ராசன் யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைதான்.

மலையடிவாரத்துக்கு வந்தபோது பனி நின்று வெயில் எறித்தது. இவ்வளவு குளிருக்குள் அப்படியொரு வெயிலை நான் கண்டதில்லை. எல்லாப் பக்கமும் புதுப்பனி கிடந்தது. மிதித்த இடம் சத்தமில்லாமல் முழங்கால்வரை உள்ளே போனது. கையில் அள்ளினால் பாரமே இல்லை, ஊதினால் பறந்தது. நாங்கள் பவுடர் என்றால் குழந்தைக்குப் பூசுகிறதை நினைப்போம். இங்கே இதைத்தான் பவுடர் என்கிறார்கள். ஆள் இருக்கிற கதிரைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போக, சனம் கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றது. நரைத்த தாடிக்காரர் ஒருவர், இப்படி ஒரு நாளுக்காகத்தான் மாரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம் என்று யாரிடமோ சொன்னார். அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் வந்தது. குகனும் இப்படித்தானே நின்றிருப்பான் என்று அழுகையும் வந்தது.

யோகனும் ஜெறோமும் கதிரையில் ஏறிப் போனார்கள். இருவருக்கும் முகத்தில் உற்சாகமில்லை. ஒரு கடமைக்குப் போகிற மாதிரிப் போனார்கள். ராசன் எனக்கும் தனக்கும் பனியில் நடக்கிற அகலச் சப்பாத்துகளை வாடகைக்கு எடுத்து வந்து, குனிந்து என் காலில் பூட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு தாரா மாதிரிக் காலை அகட்டி நடக்கவேண்டும். அப்படியும் புதைந்தது. இரண்டு இடத்தில் நான் விழுந்தேன். எழும்பக் கையூன்றினால் கை அடியில்லாமல் போனது. விழுந்தால் கத்தினாலும் கேட்காது என்று யோகன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நெடுக ஏறவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ராசன் சீக்கிரமே நின்றுவிட்டார். கவடு பிரிந்த ஒரு மேப்பிள் மரம்.

"இதிலைதான் அக்கா."

திரும்பிப் பார்த்தேன். கீழே கோப்பிக் கடையின் புகைபோக்கி தெரிந்தது. பிள்ளைகள் கத்துகிற சத்தம்கூட லேசாகக் கேட்டது. எங்கள் படலையிலிருந்து சந்திக் கடைக்குப் போகிற தூரம்கூட இல்லை. இவ்வளவு கிட்ட வந்தா விழுந்தாய், தம்பி? மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஒரு வருடமாக அம்மாவுக்கு முன்னால் அழ முடியாமல் வைத்திருந்த அழுகை. ராசன் தள்ளி நின்றார்.

அப்போது மேலே, மரங்களுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கூ... நீளமாக இழுத்து. யோகன். பிறகு அதைவிடத் தடித்த ஒரு கூ. ஜெறோம்.

அடுத்தது ராசனின் முறை. கீழே நின்றாலும் வழக்கத்தில் எதிர்பார்க்கிறார்கள் போலும். ராசன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மேலே இன்னொருமுறை கூப்பிட்டார்கள். அவர் இரண்டு கையுறையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, அண்டைக்கு நாலாவது கூவும் என்ரைதான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் முகத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"அந்த வின்ரர் முழுக்க அவனுக்கு இளைச்சது. ஓடி வந்து நிண்டா மூச்செடுக்கவே நேரம் காணாது, கூக்காட்டுறது எங்கை? ரெண்டு மூண்டு தரம் அவன்ரை கூ வராமல் எல்லாரும் நிண்டு தேடினது. யோகனுக்கு விசர் வந்திட்டுது. கூக்காட்ட ஏலாதவன் மரத்துக்குள்ளை வரக்கூடாது, போய்ச் சின்னப் பிள்ளையளோடை சறுக்கடா எண்டு எல்லாருக்கும் முன்னாலை பேசிப்போட்டான். குகனுக்கு அது பொறுக்கேல்லை. ரகசியமா என்னட்டை வந்து, மச்சான், எனக்கும் சேத்து நீ குடு எண்டு கேட்டவன். நான் என்ரை குரலிலை ஒண்டு குடுப்பன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மெல்லிசா ஒண்டு குடுப்பன். அவன்ரை மாதிரியே இருக்கும். அவன் பின்னாலை நிண்டு சிரிப்பான். இளைப்பெண்டுதான் நினைச்சனாங்கள் அக்கா. நெஞ்செண்டு ஆருக்குத் தெரியும்?"

வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது வராத பிள்ளைக்காக வந்த பிள்ளை குரலை மாற்றி, "ஓம் ரீச்சர்" என்று சொல்லும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பேன். எல்லாத் தலையும் குனிந்திருக்கும். குகனும் அப்படிக் கேட்கக்கூடியவன்தான். தன்னால் முடியாததை வெளியே காட்டவே மாட்டான். சின்ன வயதிலேயே அப்படி. அதனால் ராசன் சொன்னதை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை.

"அண்டைக்கு?" என்றேன்.

"எனக்குப் பின்னாலைதான் வந்தவன். நான் திரும்பிப் பாக்கேல்லை. ரெண்டு கூவையும் குடுத்துப்போட்டு இறங்கிட்டன். கீழை நிண்டு சிரிச்சுக் கதைக்கிறம், ஆளைக் காணேல்லை. யோகன் சொல்றான், இப்பத்தானே கூக்காட்டினவன், வருவான் எண்டு. எனக்குத்தானே தெரியும், அவன் கூக்காட்டேல்லையெண்டு. நான் பலகையைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத் தவண்டு ஏறினன். இதிலை கிடந்தவன். கண் திறந்திருந்தது. அவன்ரை முகத்திலை கிடந்த ஸ்நோ கரையேல்லை அக்கா."

எனக்கு வந்தது கோபம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆளை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அந்தத் தடித்த கையுறையோடு அறைந்தால் நோகாதே என்றும் நினைத்தேன். அறையவில்லை. அவர் அறைக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றார்.

அதற்குள் மரங்களுக்குள்ளால் பனியைக் கிளப்பிக்கொண்டு இருவரும் வந்துவிட்டார்கள்.

"ஏன்டா பதில் தரேல்லை?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் யோகன். "பயந்திட்டம்."

ராசன் அவர்களுக்கும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. யோகன் கைத்தடியைப் பனிக்குள் ஓங்கிக் குத்தினான். அது பிடிவரை உள்ளே போனது.

"ஒரு வரியம்டா! ஒரு வரியமா எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ எண்டு நினைச்சனான். அவன்ரை கூ கேட்டது, கேட்டது எண்டு மனிசிக்குச் சொல்லி, மனிசி என்னைக் கோயிலுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனவள். உனக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சே?"

யோகன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். பிறகு குரல் தாழ்ந்துபோயிற்று. "நான் பேசாமல் விட்டிருந்தா அவன் உன்னட்டைக் கேட்டிருக்க மாட்டான்," என்றான். அப்படியே பலகைகளோடு பனியில் இருந்துவிட்டான். ஜெறோம் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று நரைத்த தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிற வயதில், இந்த மனிதர்கள் பத்தாம் வகுப்புப் பொடியள் மாதிரி ஒருவன் வெட்கத்தை ஒருவன் மறைத்து வாழ்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவனை இழந்தும்விட்டார்கள்.

ராசன் என்னைப் பார்த்தார். "நான் கூக்காட்டாமல் விட்டிருந்தா அவன் இருந்திருப்பானோ அக்கா?"

"விழுந்த உடனையே முடிஞ்சுது எண்டு டாக்குத்தர் சுமதிக்குச் சொன்னவராம்," என்றேன். "அவருக்கும் நேரிலை தெரியாது. இருந்திருப்பான் எண்டும் சொல்ல ஏலாது, இருந்திருக்க மாட்டான் எண்டும் சொல்ல ஏலாது. ரெண்டையும் வச்சுக்கொண்டுதான் தம்பி நீர் இருக்கவேணும். நானும்தான்."

ஆறுதலாக ஏதும் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. ஆனால் இவர்களை இப்படியே கீழே கூட்டிப்போனால் இனி மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள் என்று பட்டது. பிறகு குகனைப் பற்றிக் கதைக்க இந்த ஊரில் யார் இருக்கப்போகிறார்கள்?

"உம்மடை பலகை வாகனத்திலைதானே கிடக்குது?" என்று ராசனைக் கேட்டேன்.

"ஓம்."

"முழங்கால் நோவோ?"

குனிந்து முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினார். "முழங்காலுக்கு ஒண்டுமில்லை அக்கா."

"அப்ப போம். மூண்டு பேரும் மேலை போய், ஒருக்கா உங்கடை முறைப்படி இறங்குங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

"தனிய நிப்பியளோ?" என்றான் யோகன்.

"நிப்பன்."

அவர்கள் போனபின் காடு அடங்கிப்போனது. ஊரில் மணற்காட்டு மேடுகளில்கூடக் கடல் இரைச்சல் கேட்கும். இங்கே பனி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடுகிறது. இடைக்கிடை ஒரு கொப்பிலிருந்து பனி சரிந்து விழும். அதற்கும் ஓசையில்லை. கால் விறைத்தது, மூக்கு விறைத்தது. அவன் கிடந்த இடத்தில் நின்று அவன் என்னத்தைக் கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். ராசனின் இரண்டாவது கூவை, தன்னுடைய கூவை, கேட்டிருப்பானோ? அதைக் கேட்டுச் சிரித்திருப்பானோ? அதற்குமேல் நினைக்க என்னால் முடியவில்லை.

நெடுநேரம் கழித்து, மேலே வெகு தூரத்தில் கூ என்றது. யோகன். ஜெறோம். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. பிறகு, உடைந்த குரலில், ஒரு வருடமாகக் கூக்காட்டாத ஒருவனின் கூ. ராசன்.

நாலாவது கூ வரவில்லை.

என் தொண்டைக்குள் அது எழும்பி வந்தது. நான் கொடுத்தால் கொடுக்கலாம், அவனோடு வளர்ந்தவள், அவன் குரல் எனக்கும் தெரியும். கையுறையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டேன். இந்தமுறை ஒருவரும் அவனுக்காகக் குரல் கொடுக்கக்கூடாது.

மேலே பலகைகள் பனியை வழிக்கிற சத்தம் மறுபடி எழவில்லை. மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவன் குறைந்தால் எல்லோரும் நிற்கவேண்டும் என்பதுதானே முறை. அவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் அசையவில்லை.

பிறகு கிட்ட நின்றவன் தேடி வந்தான். ராசன் சறுக்கி வரவில்லை. பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மரமாகச் சுற்றிப் பார்த்து, இடுப்பளவு பனிக்குள் காலை இழுத்து இழுத்து வந்தார். அவருக்குப் பின்னால் ஜெறோம், பிறகு யோகன். அந்த மேப்பிள் மரத்தடிக்கு வந்ததும் ராசன் பலகைகளைக் கீழே போட்டார்.

"மச்சான்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

யோகன் வந்து அவர் தோளில் கையைப் போட்டான். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஊரில் விடியப்போகிற நேரம். அம்மா கோயில் மணிக்கு முன்னமே எழும்பிவிடுவார். வாகனத்துக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போனைப் போட்டேன். அம்மா சுகம் விசாரிக்கவில்லை.

"கேட்டனியோ?"

"கேட்டனான் அம்மா."

"தனியவோ கிடந்தவன்?"

பொய் சொல்லத்தான் வாய் வந்தது. முன்னால் யோகனின் கண் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தது. ராசன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அம்மா. கொஞ்ச நேரம் தனியத்தான் கிடந்தவன். பிறகு தேடி வந்தவை."

அந்தப் பக்கம் சேவல் கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர் முதல் வந்தது?"

"ராசன்."

"அந்தப் பிள்ளையும் உன்னோடையோ நிக்குது?"

"மூண்டு பேரும் நிக்கினம் அம்மா. நீங்கள் கதைக்கிறது கேக்குது."

அம்மா மூக்கைச் சீறினார். பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, தொலைதூரத்துக்குக் கேட்கவேண்டும் என்று பலமாகக் கேட்டார்.

"பிள்ளையள், சாப்பிட்டிட்டியளோ?"

சுமதி தந்த பொதி விடியத் தந்தபடியே எனக்கும் ராசனுக்கும் நடுவில் கிடந்தது. அதை ஒருவரும் நினைக்கவில்லை. பொதுவாக இப்படியான கேள்விக்கு எங்களில் யாராவது ஒருவர் எல்லோருக்குமாக, ஓம் சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிடுவோம். அன்று யாரும் அவசரப்படவில்லை.

"நான் இன்னும் இல்லையம்மா," என்றான் யோகன்.

"நானும் இல்லை அம்மா," என்றார் ஜெறோம்.

கொஞ்சம் பொறுத்து, என் பக்கத்திலிருந்து, "இல்லையம்மா. நான் ராசன். நானும் சாப்பிடேல்லை."

"அப்ப முதல் சாப்பிடுங்கோ," என்றார் அம்மா.

ராசன் பொதியை அவிழ்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ரோல்ஸ் ஆறி விறைத்துப் போயிருந்தது. அம்மா போனை வைக்காமல், நாங்கள் தின்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.